எஞ்சின் கடைசியில் வரட்டும்: எம்ஜிபி காரில் ரோவர் வி8, பாகம் பாகமாக ஓர் ஆய்வு

பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கு வேறு எஞ்சின் ஏற்ற நினைப்பவர்கள் முதலில் எஞ்சினைத்தான் வாங்குகிறார்கள். விளம்பரத்தில் பார்த்து, விலை பேசி, வேனில் ஏற்றி வந்து கராஜ் மூலையில் தார்ப்பாய் போட்டு மூடிவைப்பார்கள். பல திட்டங்கள் அங்கேயே படுத்துவிடுகின்றன. எஞ்சின் தேடினால் கிடைக்கும். அதைப் பிடித்து நிறுத்தும் மவுண்ட், பின்னால் கியர்பாக்ஸோடு சேர்க்கும் உறையான பெல் ஹவுஸிங், ஸ்டியரிங் தண்டில் இடிக்காத எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு, சரியான விகிதத்தில் ஒரு பின் அச்சு எல்லாம் சேர்ந்து கிடைப்பதுதான் கடினம்.

இதைப் புரிந்துகொள்ள எம்ஜிபி என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரில் ரோவரின் எட்டு சிலிண்டர் வி8 எஞ்சினை ஏற்றிய வரலாற்றைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. தனி ஆள் ஒருவர் அதைச் செய்தார், பிறகு தொழிற்சாலையே செய்தது, அதன் பிறகு பிரிட்டனில் வீட்டுக் கொட்டகைகளிலும் ஐம்பது வருடமாக நடந்துவருகிறது. எந்தப் பாகம் எங்கிருந்து வந்தது என்று பார்த்துக்கொண்டே போனால், இன்று எது சுலபமாகக் கிடைக்கும், எது கண்ணிலேயே படாது என்பதும் தெரிந்துவிடும்.

கார் ஒரு பக்கம், எஞ்சின் ஒரு பக்கம்

எம்ஜிபி 1962-இல் வந்தது. இங்கிலாந்தின் ஆபிங்டன் தொழிற்சாலையில் 1980 வரை ஐந்து லட்சத்துக்கும் மேல் செய்தார்கள். உள்ளே இருந்தது 1798 சிசி பி-சீரிஸ் நான்கு சிலிண்டர் எஞ்சின், சுமார் 95 குதிரைத்திறன். வார்ப்பிரும்பு என்பதால் நல்ல கனம். காரின் உடம்பு தாங்கும் அளவுக்கு எஞ்சினில் பலம் இல்லை என்ற குறை ஆரம்பத்திலேயே இருந்தது. 1967-இல் அதே உடம்பில் 2912 சிசி ஆறு சிலிண்டர் எஞ்சினைத் திணித்து எம்ஜிசி என்று விற்றார்கள். அதுவும் இரும்பு. முன்பக்கம் கனத்துப்போனது, இடம் போதாமல் முன் சஸ்பென்ஷனையே சுருள் வில்லுக்குப் பதில் முறுக்குக் கம்பி தாங்கும் டார்ஷன் பார் முறைக்கு மாற்ற வேண்டிவந்தது, பானெட்டில் ஒரு புடைப்பும் வந்தது. வளைவில் மூக்கு திரும்ப மறுக்கிறது என்று பத்திரிகைகள் எழுதின. 1969-இல் நிறுத்திவிட்டார்கள்.

அப்போது அதே நிறுவனக் குடும்பத்துக்குள் வேறொரு எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் 1961-இல் பியூக், ஓல்ட்ஸ்மொபில், பான்டியாக் கார்களுக்காகக் கொண்டுவந்த 215 கன அங்குல வி8. பிளாக், ஹெட் எல்லாம் அலுமினியம். எடை சுமார் 145 கிலோதான். அமெரிக்காவில் அது தாக்குப்பிடிக்கவில்லை. வார்ப்பில் கழிவு அதிகம், அதைவிட மலிவாக மெல்லிய சுவர் கொண்ட இரும்பு வார்ப்பு வந்துவிட்டது, 1963-இல் விட்டுவிட்டார்கள். ரோவரின் அமெரிக்கப் பிரிவைப் பார்த்துவந்த புரூஸ் மெக்வில்லியம்ஸ் அதை மெர்குரி மரைன் நிறுவனத்தில் பார்த்தார் என்பது பலமுறை சொல்லப்பட்ட கதை. 1965-இல் ரோவர் உரிமை வாங்கியது. ஓய்வு பெறும் நிலையில் இருந்த பியூக் எஞ்சின் வடிவமைப்பாளர் ஜோ டர்லே இங்கிலாந்துக்கே வந்து உதவினார். 3528 சிசி அளவில் 1967-இல் பி5பி, 1968-இல் பி6 3500, 1970-இல் ரேஞ்ச் ரோவர், 1976-இல் எஸ்டி1 என்று அது வரிசையாகப் பல வண்டிகளுக்குள் போனது. லேண்ட்ரோவர் வண்டிகளில் 2004 வரை இருந்தது.

எட்டு சிலிண்டர் அலுமினிய எஞ்சின், நான்கு சிலிண்டர் இரும்பு எஞ்சினைவிடச் சுமார் 18 கிலோ குறைவு. எம்ஜிசி-யைக் கெடுத்தது கனம்தான்; இங்கே அந்தப் பிரச்சினையே எழவில்லை. முன் சஸ்பென்ஷனின் அடிப்படையைத் தொட வேண்டாம் என்பது பாகம் தேடுபவருக்கு எவ்வளவு பெரிய நிம்மதி என்பது, அதைத் தொட்டுப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

காஸ்டெல்லோவும் ஆபிங்டனும்

கென் காஸ்டெல்லோ பந்தயக்காரர். 1970-ஐ ஒட்டி இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் எம்ஜிபி-க்கு ரோவர் வி8 ஏற்றி விற்க ஆரம்பித்தார். அவர் எடுத்தது பி6 காரின் எஞ்சின், சுமார் 150 குதிரைத்திறன். ரோவரில் இருந்தபடியே கார்புரேட்டர்களை எஞ்சினின் தலைமேல் விட்டார், பானெட் மூடவில்லை. அதற்காக பானெட்டில் ஒரு புடைப்பு. அவருடைய கார்களை இன்றும் அதை வைத்துத்தான் அடையாளம் கண்டுபிடிக்கிறார்கள்.

எம்ஜி, ரோவர் இரண்டையும் வைத்திருந்த பிரிட்டிஷ் லேலண்ட் நிறுவனம் அவருடைய காரை வரவழைத்துப் பார்த்தது. பிறகு தானே செய்தது. 1973 ஆகஸ்டில், நிலையான கூரை கொண்ட ஜிடி உடம்பில் எம்ஜிபி ஜிடி வி8 வெளிவந்தது. ரேஞ்ச் ரோவர் அளவுக்குக் குறைந்த அழுத்த விகிதம், 137 குதிரைத்திறன். இரண்டே மாதத்தில் எண்ணெய் நெருக்கடி. 1976-இல் நிறுத்தும்போது மொத்தம் 2591 கார்கள். திறந்த ரோட்ஸ்டரில் வி8 கொடுக்கவே இல்லை, அமெரிக்காவில் விற்கவும் இல்லை. அவர்களே ட்ரையம்ப் ஸ்டாக் காருக்கென்று வேறொரு வி8 செய்து, அது சூடாகிச் சூடாகிப் பெயர் கெட்டுக்கொண்டிருந்த காலம் அது. நல்ல எஞ்சின் கையில் இருக்கும்போது அதை ஏன் அங்கே வைக்கவில்லை என்பது தனிக் கதை.

பாகம் தேடுபவருக்கு முக்கியமானது ஆபிங்டன் பொறியாளர்கள் எதைக் கடன் வாங்கினார்கள், எதைப் புதிதாகச் செய்தார்கள் என்பதுதான். எஞ்சின் ரேஞ்ச் ரோவர் குடும்பத்திலிருந்து வந்தது. 3.07 பின் அச்சு விகிதம் (சக்கரம் ஒரு சுற்று போக புரோப்பெல்லர் ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்றுகிறது என்ற கணக்கு) எம்ஜிசி காலத்திலிருந்தே அங்கு இருந்தது. பானெட்டைத் தட்டையாக வைப்பதற்காகக் கார்புரேட்டர்களைப் பின்னால், டாஷ்போர்டு சுவரை ஒட்டித் தள்ளி, அதற்கென்று தனி இன்லெட் அமைப்பு செய்தார்கள். அது புதுசு. கியர்பாக்ஸ் எம்ஜிபி-யின் நான்கு கியர் பெட்டிதான். ஆனால் எம்ஜிபி-யில் பெல் ஹவுஸிங் தனியாக இல்லை, பெட்டியோடு ஒரே வார்ப்பு. அதனால் வி8-க்கு முழு உறையையே தனியாக வார்க்க வேண்டிவந்தது. முறுக்குவிசையைத் தாங்காது என்பதால் எஞ்சின் சுற்றைக் குறைக்கும் கூடுதல் கியரான ஓவர்டிரைவை நான்காவது கியருக்கு மட்டும் வைத்தார்கள். கம்பிச் சக்கரமும் தாங்காது. அலுமினிய நடுவும் இரும்பு விளிம்பும் கொண்ட டன்லப் சக்கரம் போட்டார்கள்.

கடன் வாங்கிய பாகங்களை இன்றும் வாங்கலாம். 2591 கார்களுக்கென்று தனியாக வார்த்ததை நம்பித் திட்டம் போட்டால் வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டியதுதான். அசல் வி8 கியர்பாக்ஸ் ஒன்று கிடைத்தாலும், அது பலவீனமான பெட்டி என்று ஆபிங்டனே ஒப்புக்கொண்டதுபோல ஓவர்டிரைவைச் சுருக்கியிருக்கிறது. பிறகு எதற்கு அதன் பின்னால் அலைவது?

எந்த உடம்பு

எம்ஜிபி-யில் குரோம் பம்பர் கார், ரப்பர் பம்பர் கார் என்று இரண்டு காலம். 1974 கடைசியில் அமெரிக்கச் சட்டத்துக்காகக் கறுப்பு ரப்பர் பம்பர் வந்தது, காரும் உயர்ந்தது. ரசிகர்களுக்கு அது பிடிக்காது, அதனால் விலையும் குறைவு. ஆனால் அந்தக் காலத்தில் வி8-யும் அதே வரிசையில் ஓடிக்கொண்டிருந்ததால், நான்கு சிலிண்டர் ரப்பர் பம்பர் கார்களின் எஞ்சின் அறையும் வி8-க்கு ஏற்றபடியே வந்தது. குரோம் பம்பர் காரில் மேனிஃபோல்டுக்காக உள் விங்கை, அதாவது எஞ்சின் அறைக்கும் சக்கரத்துக்கும் நடுவே உள்ள தகட்டை, தட்டி இடம் செய்ய வேண்டும், ஸ்டியரிங் தண்டின் இணைப்பும் நகர வேண்டும். அழகுக்காகக் குரோம் கார் வேண்டும் என்பவர்கள் அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். துரு தின்ற உடம்பாக இருந்தால் இன்னொரு வழி உண்டு: உடம்புத் தகடுகளை அழுத்திச் செய்த பழைய அச்சுகளைத் தேடி எடுத்து 1988 முதல் பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் புது எம்ஜிபி உடம்பே செய்து விற்கிறது. எம்ஜி-யே 1990-களில் 3.9 லிட்டர் வி8 போட்டு ஆர்வி8 என்று ஒரு கார் கொண்டுவந்தபோது அந்த உடம்பின் மேல்தான் கட்டியது.

கியர்பாக்ஸும் பின் அச்சும்

எஞ்சினுக்கு முன்னால் முடிவு செய்ய வேண்டியது இது.

வழக்கமான தேர்வு எஸ்டி1 காரின் ஐந்து கியர் எல்டி77. வி8-க்கான பெல் ஹவுஸிங் அதனுடனே வருகிறது. இதே பெட்டி ட்ரையம்ப் டிஆர்7-இலும் ஷெர்பா வேனிலும் இருந்தது. ஆனால் அவை நான்கு சிலிண்டர் வண்டிகள், பெல் ஹவுஸிங் வேறு. கியர் லீவர் வெளியே வரும் இடமும் வண்டிக்கு வண்டி மாறும். ரேஞ்ச் ரோவரின் எல்டி77-ஐப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. பெயர் ஒன்றுதான், ஆனால் அதன் வால் பக்கம் நான்கு சக்கர இயக்கத்துக்கான டிரான்ஸ்ஃபர் பெட்டியோடு சேரும்படி செய்தது. வெளியே வரும் தண்டே வேறு. பின்னால் அதன் இடத்துக்கு வந்த ஆர்380 பெட்டிக்கும் இதே எச்சரிக்கை.

எஸ்டி1 இப்போது தானே ஒரு கிளாசிக் கார் ஆகிவிட்டது. முன்பு காயலான் கடையில் வரிசையாகக் கிடந்தது. இன்று அதைக் கழற்ற விட மாட்டார்கள். அதனால் பெல் ஹவுஸிங்கைத் தனியாக ஓரிடத்தில், பெட்டியை இன்னொரு இடத்தில் என்று சேர்க்கும் நிலை வந்துவிட்டது. அப்படிச் சேர்க்கும்போது கிளட்ச் ஃபோர்க், அதைத் தாங்கும் குமிழ், ரிலீஸ் பேரிங், ஸ்லேவ் சிலிண்டர் இவை நான்கும் ஒரே வண்டியிலிருந்து வந்தவையா என்று கேட்டுவிடுங்கள். அரை அங்குல வித்தியாசத்தில் கிளட்ச் விடாது. பெடலை மிதித்துப் பார்க்கும்போதுதான் அது தெரியும். அதற்குள் எல்லாம் உள்ளே போயிருக்கும்.

பின் அச்சுக்கு வருவோம். சாதாரண எம்ஜிபி-யின் விகிதம் 3.909. எல்டி77-இன் முதல் கியர் 3.32. இரண்டையும் பெருக்கினால் 13-க்குக் கொஞ்சம் குறைவு, அதாவது பழைய நான்கு சிலிண்டர் காரின் முதல் கியருக்கு ஏறக்குறைய சமம். அவ்வளவு முறுக்குவிசை உள்ள எஞ்சினுக்கு அது வீண். சிக்னலில் கிளம்பிய உடனே இரண்டாவதுக்கு மாற்ற வேண்டியிருக்கும். 3.07 போட்டால் 10.2 ஆகிறது, எஸ்டி1-இல் இருந்ததும் கிட்டத்தட்ட அதுதான். நெடுஞ்சாலைக் கணக்கும் இதையே சொல்கிறது. மணிக்கு 112 கிலோமீட்டர் வேகத்தில், 0.79 ஐந்தாம் கியரும் 3.909 அச்சும் இருந்தால் எஞ்சின் நிமிடத்துக்குச் சுமார் 3090 சுற்று ஓடும், 3.07 அச்சோடு சுமார் 2430. வி8-க்கு 3.07-தான் சுகம்.

பணம் இப்போதைக்கு இல்லை என்றால், பழைய அச்சோடே ஓட்டத் தொடங்கலாம். ஐந்தாம் கியர் இருப்பதால் நெடுஞ்சாலையில் பாதகம் இல்லை, முதல் கியரை மறந்துவிட்டு இரண்டாவதில் கிளம்பினால் போதும். ஆனால் பிரேக்கில் அந்தத் தாராளம் கிடையாது. தொழிற்சாலை வி8-இல் தடித்த டிஸ்க்கும் பெரிய கேலிபரும் போட்டார்கள். அவை எஞ்சினுக்கு முன்பே காரில் ஏற வேண்டும்.

இப்போது எஞ்சின்

எஞ்சினைக் கழற்றி எடுக்கக்கூடிய பழைய வண்டிகளில் இன்று எண்ணிக்கையில் அதிகம் ரேஞ்ச் ரோவர், டிஸ்கவரி. 3.5 லிட்டர் எஞ்சின்கள் வயதானவை, ஆனால் அடிப்படையில் திடமானவை. 1989-இல் சிலிண்டர் துளையை 88.9-லிருந்து 94 மில்லிமீட்டராக்கி 3.9 லிட்டர் செய்தார்கள், பிறகு 4.6 வந்தது. பலம் கூடியது, ஆனால் சிலிண்டரின் இரும்பு உள்ளுறையான லைனருக்குப் பின்னால் இருந்த அலுமினியச் சுவர் மெலிந்தது. சூடேறிய எஞ்சினில் அந்தச் சுவர் விரிசல் விடும், லைனர் தளரும். பியூக் முறையில் லைனரை வைத்தே வார்த்தார்கள். ரோவர் வார்த்த பிளாக்கில் லைனரை அழுத்திச் செருகியது. பெரிய துளையில் அந்த வித்தியாசம் வெளியே தெரிந்தது. அதனால் 94 மில்லிமீட்டர் பிளாக் வாங்குவதாக இருந்தால், "நன்றாக ஓடியது" என்ற வாக்குறுதியை நம்பாமல் பிளாக்கை அழுத்தச் சோதனை செய்யச் சொல்வது நல்லது. சாலையில் ஓட்ட மட்டும் என்றால் நான் நல்ல 3.5-ஐத்தான் தேர்ந்தெடுப்பேன்.

இந்த எஞ்சினின் இன்னொரு பலவீனம், வால்வுகளைத் திறக்கும் தண்டான கேம்ஷாஃப்ட். எண்ணெய் மாற்றாமல் ஓட்டினால் மேல்பகுதியில் கறுப்புக் களி படியும், கேம் மேடுகள் தேயும். வாங்கும் முன் ஒரு ராக்கர் கவரைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே தார் பூசியதுபோல இருந்தால் கேமையும் ஃபாலோயர்களையும் விலையோடு சேர்த்துக் கணக்குப் போடுங்கள். எண்ணெய் அழுத்தம் குறைவாகத் தெரிவதைக் கண்டு மட்டும் பயந்துவிட வேண்டாம், அது இந்த எஞ்சினின் சுபாவம்.

நிறைய பேரை மாட்டிவிடும் இடம் ஆட்டோமேட்டிக் வண்டியின் எஞ்சின். பி5பி முழுக்க ஆட்டோமேட்டிக், பி6-இலும் பெரும்பாலும் அதுதான், ரேஞ்ச் ரோவரிலும் பின்னாளில் அதுவே அதிகம். அவற்றில் ஃப்ளைவீல் கிடையாது, மெல்லிய டிரைவ் பிளேட்தான். மேனுவலுக்கு ஃப்ளைவீல், அதன் போல்ட்கள், கிளட்ச் எல்லாம் வேண்டும். கிராங்கின் பின்முனைத் துளையில் கியர்பாக்ஸ் தண்டின் நுனியைத் தாங்கும் புஷ் சரியான அளவில் உட்காருமா என்பதை அளந்து பார்க்க வேண்டும். உட்காராவிட்டால் லேத் பட்டறைக்குத்தான் போக வேண்டும். சிறிய துண்டு, ஆனால் அது இல்லாமல் கியர்பாக்ஸ் உயிரோடு இருக்காது.

முன்பக்கமும் பார்க்க வேண்டும். ரேஞ்ச் ரோவரின் வாட்டர் பம்ப் நீண்ட மூக்கு கொண்டது, எம்ஜிபி-யில் ரேடியேட்டரை நெருங்கிவிடும். எஸ்டி1 முன்கவரும் பம்பும் குட்டை. 1990-களின் நடுவிலிருந்து வந்த எஞ்சின்களில் எண்ணெய் பம்பே கிராங்கிலிருந்து ஓடும்படி முன்கவர் மாறிவிட்டது, சிலவற்றில் டிஸ்ட்ரிபியூட்டருக்கே இடம் கிடையாது. பழைய கார்புரேட்டர் முறையில் ஓட்ட நினைப்பவர் அந்த எஞ்சினை வாங்கினால், எஞ்சினுக்குக் கொடுத்த பணத்துக்குச் சமமாக முன்கவருக்கும் மின்னணு இக்னிஷனுக்கும் செலவழிக்க நேரலாம். எந்த எஞ்சினானாலும் எண்ணெய் ஃபில்டர் இருந்த இடத்திலேயே இருக்க முடியாது. குழாய் போட்டு வேறு இடத்துக்குத் தள்ள வேண்டும். தொழிற்சாலையும் அப்படித்தான் செய்தது.

இடிக்கும் இடங்கள்

ரோவரின் மேனிஃபோல்டுகள் எம்ஜிபி-க்குள் உட்காராது. ஒரு வழி, தொழிற்சாலை வி8-போலப் பிளாக்கை ஒட்டிக் கீழே இறங்கும் வகை. இன்னொன்று ஆர்வி8 வகை: உள் விங்கில் துளை போட்டு, குழாய்கள் அதன் வழியே சக்கரப் பக்கம் போய் இறங்கும். துளை போட மனம் வராது. ஆனால் ஸ்டியரிங் இணைப்புக்குப் பக்கத்தில் சூடு இருக்காது, எஞ்சின் அறையும் குளிர்ந்திருக்கும், ஸ்டார்ட்டர் மோட்டாரைக் கழற்ற மேனிஃபோல்டைக் கழற்ற வேண்டியதும் இல்லை. புதிதாகச் செய்பவருக்கு நான் ஆர்வி8 வகையையே சொல்வேன்.

மேலே பானெட். எடெல்பிராக் நான்கு குழல் கார்புரேட்டரும் அதற்கான தாழ்ந்த இன்லெட் மேனிஃபோல்டும் பலருக்குப் பிடித்த வழி, ஏனென்றால் அவை இன்றும் புதிதாகக் கிடைக்கின்றன. மெல்லிய ஏர் ஃபில்டர் போட்டால் பானெட் மூடும், ஆனால் மவுண்ட்களின் உயரம் கொஞ்சம் கூடினாலும் மூடாது. ரேஞ்ச் ரோவரின் ஃபியூவல் இன்ஜெக்ஷனை அப்படியே எடுத்தால் மேலே இருக்கும் காற்றுப்பெட்டி உயரம். ஆர்வி8 போலப் புடைத்த பானெட்தான் வழி. காஸ்டெல்லோ 1970-இல் சந்தித்த அதே தகராறு.

சின்னச் சின்ன விஷயங்களும் உண்டு. புரோப்பெல்லர் ஷாஃப்டைப் புதிதாகச் செய்ய வேண்டும். முன்முனை எல்டி77-க்கு, பின்முனை எம்ஜி அச்சுக்கு. கியர்பாக்ஸும் எஞ்சினும் இறுதி இடத்தில் உட்கார்ந்த பிறகுதான் அளவெடுக்க வேண்டும். எஞ்சின் சுற்றைக் காட்டும் டாக்கோமீட்டர் நான்கு சிலிண்டருக்கு எண்ணும், அதை மாற்றியமைக்க வேண்டும். அச்சு விகிதம் மாறினால் ஸ்பீடோமீட்டரும் பொய் சொல்லும். போல்ட்களின் விஷயம் விசித்திரம்: எஞ்சின் அமெரிக்க வம்சம் என்பதால் அலுமினியத்தில் அகல இடைவெளி கொண்ட யூஎன்சி மரை, எம்ஜி உடம்பில் நெருக்கமான யூஎன்எஃப் மரை, எல்டி77-இல் மெட்ரிக். மூன்று டப்பாக்கள் தனித்தனியாக வையுங்கள். அலுமினிய பிளாக்கில் தவறான போல்ட்டை அழுத்தி முறுக்கினால் மரை கையோடு வந்துவிடும்.

அமெரிக்காவில் இதே காருக்கு வேறு சந்தை. அங்கே 1961–63 பியூக், ஓல்ட்ஸ்மொபில் எஞ்சின்களே கிடைக்கும். கவனிக்க வேண்டியது, ரோவர் பியூக் வடிவத்திலிருந்து வந்தது. ஓல்ட்ஸ்மொபில் ஹெட்டில் போல்ட் அமைப்பு வேறு, ஹெட் மாற்றி மாட்ட முடியாது. கியர்பாக்ஸுக்குப் போர்க்-வார்னர் டி5. 1990-களின் கமாரோவில் வந்த 3.4 லிட்டர் வி6-ஐயும் அதன் டி5-ஐயும் சேர்த்து ஒரே வண்டியிலிருந்து எடுப்பவர்கள் பலர். எஞ்சினையும் பெட்டியையும் பிரிக்காமல் வாங்குவதால் அவர்களுக்குக் கிளட்ச் தகராறே வருவதில்லை. பிரிட்டனிலும் முழு எஸ்டி1 கிடைத்த காலத்தில் கெட்டிக்காரர்கள் அப்படித்தான் செய்தார்கள்.

காகித வேலையில் இந்த மாற்றத்துக்கு ஒரு சலுகை உண்டு. பிரிட்டனில் 40 வயது தாண்டிய கார்களுக்கு சாலைத் தகுதியைப் பார்க்கும் வருடாந்திர எம்ஓடி சோதனை தேவையில்லை. ஆனால் கணிசமாக மாற்றியிருந்தால் அந்த விலக்கு போய்விடும். சிலிண்டர் எண்ணிக்கை மாறினால் பொதுவாக மாற்றமாகவே பார்ப்பார்கள். ஆனால் அந்த மாடலிலேயே தொழிற்சாலை கொடுத்த மாற்று எஞ்சின் என்றால் அப்படி எடுத்துக்கொள்வதில்லை. எம்ஜிபி ஜிடி-க்கு 1973-இலிருந்து அந்தச் சாட்சி இருக்கிறது. ரோட்ஸ்டருக்கு இல்லாததால் அதன் உரிமையாளர் வாதாட வேண்டியிருக்கும். எதுவானாலும் புது எஞ்சினின் எண்ணையும் சிசி-யையும் பதிவுப் புத்தகத்தில் மாற்ற வேண்டும். அதற்கு எஞ்சின் வாங்கிய ரசீது தேவைப்படலாம், பழைய வண்டி உடைக்கும் இடங்களில் கேட்டால்தான் எழுதிக் கொடுப்பார்கள்.